ஆஃப்

வெளியே போனால் போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் துப்பட்டியை இஸ்திரி போட்டுக் கையில் வைத்துக்கொண்டு சாச்சி எங்கள் தாராவி வீட்டு வாசலில் நின்றிருந்தாள். எண்பதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். செம்பூரில் ஒரு கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். அரை நாள் வேலை முடிந்து அப்போதுதான் சந்துக்குள் திரும்பினேன். வாப்பாவின் தம்பியான சாச்சாவும் சாச்சியும் எங்களோடுதான் இருந்தார்கள். முறைக்குத்தான் சாச்சி, என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக, “ஒங்க சாச்சாவுக்கு ஆஃப் கெடச்சிட்டு புள்ள,” என்றாள்.

பம்பாய்க்கு வந்து சாச்சி கற்றுக்கொண்ட முதல் இங்கிலீஷ் வார்த்தை அது. ஊரில் பீடி சுற்றுகிறவளுக்கு ஏது ஆஃப்? இங்கே வந்து பார்த்தால் எல்லோர் வாயிலும் அதுதான். லைட் ஆஃப், மிஷின் ஆஃப், மூட் ஆஃப். சாச்சிக்கு அந்த வித்தியாசமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. ஆஃப் என்றால் சாச்சா வீட்டில் இருக்கும் நாள், அவ்வளவுதான். தேவ்நாரில் தகர டப்பா செய்யும் பட்டறையில் அவருக்கு வேலை. லீவு என்று பேச்செடுத்தாலே முதலாளிக்கு முகம் கடுகடுத்துவிடும். அடுத்த ஆஃபுக்குக் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறேன் என்று சாச்சா சொல்லிச் சொல்லியே ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. கடல் சூழ்ந்த ஊருக்கு வாழ வந்தவள் இன்னும் கடலைப் பார்க்கவில்லை. அன்று நைலக்ஸ் சேலை கட்டி, பூ வைத்து, கிளம்பித் தயாராக நின்றிருந்தாள்.

யார் சொன்னது என்று கேட்டேன். பட்டறையில் கூட வேலை பார்க்கும் ஹிந்திக்காரர் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனாராம். சாச்சிக்கு ஹிந்தி ஒரு எழவும் தெரியாது. அவர் பேசியதில் சாச்சாவின் பேரும் ஆஃபும் மட்டும் பிடிபட்டிருக்கிறது. நல்ல சேதி கொண்டுவந்தவரை வெறுமனே அனுப்பலாமா என்று சீனியை அள்ளிக் கையில் கொடுத்திருக்கிறாள். “வாங்கிட்டு அப்படியே நின்னாரு புள்ள. கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சு. பாவம், அவருக்கு ஆஃப் குடுக்கல போல,” என்றாள்.

“அவரு என்ன சொன்னாரு? அப்படியே சொல்லு சாச்சி,” என்றேன். அவள் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்: “ஆஃப் ஹோ கயா.”

இந்த ஊர் ஹிந்தியில் ‘ஆஃப் ஹை’ என்றால் லீவு. ஓர் ஆளைப் பற்றி ‘ஆஃப் ஹோ கயா’ என்றால் அந்த ஆள் செத்துப்போனான் என்று அர்த்தம். விளக்கை அணைப்பதற்கும் மனுஷன் போவதற்கும் இவர்களுக்கு ஒரே பேச்சு. ஆனால் வந்தவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். செத்துட்டான், ‘மர் கயா’ என்று பெண்டாட்டி முகத்துக்கு நேரே சொல்ல நாக்கு வராமல், கொஞ்சம் மெதுவான வார்த்தையாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். இன்றைக்கும் என் மகள் கல்யாண் ஊரிலிருந்து போன் செய்து ஆஃப் என்று ஆரம்பித்தால், முழுசாகச் சொல்லித் தொலை என்று அதட்டுவேன். அவளுக்குச் சிரிப்புதான் வரும். அந்தச் சொல் எனக்குப் பிடிக்காது.

நாள் முழுக்க இங்கிலீஷ் அடித்துத் தள்ளுகிற எனக்கு, அதைத் தமிழில் சொல்ல வாய் வரவில்லை. தேவ்நாருக்கு ஓடிப்போய் விசாரித்துவிட்டு வரலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் பட்டறை ஆட்கள் நாலைந்து பேர் சந்து முனையில் வந்து நின்றுவிட்டார்கள். யாரும் பக்கத்தில் வரவில்லை. சாச்சி அவர்களுக்குப் பின்னால் சாச்சா வருகிறாரா என்று எட்டிப் பார்த்தாள். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

“சாச்சாவுக்கு லீவு இல்ல சாச்சி. சாச்சா மவுத்தாயிட்டாங்க.”

மிஷினில் கரண்ட் அடித்தது என்பது பிறகுதான் தெரிந்தது. சாச்சி அழவில்லை. நான்தான் ஏதோ தப்பாகச் சொல்கிறேன் என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

“அவரு ஆஃபுன்னுதான புள்ள சொன்னாரு?”

“அதுக்கு அப்படியும் ஒரு அர்த்தம் இருக்கு சாச்சி.”

கையிலிருந்த துப்பட்டியைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

“லீவுக்கும் மவுத்துக்கும் ஒரே சொல்லா வச்சிருக்கானுவ?”