குறுக்கே பேச ஒரு குரல்

பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அம்மா தன் கணவர் இறந்துபோன நாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது முக்காலியில் இருந்த மடிக்கணினி பேசியது: "மைசூர்பாக்க மெதுவா கடிங்க. பல்லு போனா நாங்க பொறுப்பில்ல." பலகாரத் தட்டு வந்தபோது சித்தப்பா தட்டச்சு செய்த கேலி அது. கணினி அதை வாசிப்பதற்குள் தட்டுகளே உள்ளே போய்விட்டிருந்தன. அந்த அம்மாள் பேச்சை நிறுத்திக்கொண்டார். சித்தப்பா பதறிப்போய்க் கைகூப்பினார். சொல்லி அனுப்புவதாகக் கூறிவிட்டு மாப்பிள்ளை வீட்டார் ஓட்டப்பிடாரம் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்கள். சித்தப்பாவின் மகள் அடுக்களையை விட்டு வெளியே வரவேயில்லை.

சித்தப்பா எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் தரகராக இருந்தவர். அவர் ஒரு சத்தம் கொடுத்தால் சந்தையின் மறுகோடியில் நிற்பவரும் திரும்பிப் பார்ப்பார். விலையில் முறுக்கிக்கொண்டு போகிறவரையும் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்துத் திருப்பிக் கூட்டிவந்துவிடுவார். தொண்டையில் கட்டி வந்து அறுவை சிகிச்சை செய்ததோடு அந்தக் குரல் போயிற்று. கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு, தமிழில் அடிப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருளையும் ஏற்றிக் கொடுத்தார். தகரத்தைத் தட்டினாற்போல் ஒரு குரல். சித்தப்பாவுக்கு அது பிடித்துப்போயிற்று. ஆனால் நாளாக ஆக அது திணறத் தொடங்கியது. அவர் அடித்துவிட்டுக் காத்திருப்பார். சித்தி பொறுக்கமாட்டாமல், "அவிய என்ன சொல்லுதாகன்னா" என்று தானே சொல்லி முடித்துவிடுவாள். பெரும்பாலும் அவர் சொல்ல வந்தது அதுவாக இருக்காது.

நான் சென்னையில் கணினி வேலை பார்ப்பவள். சித்தப்பா மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஊருக்கு வந்திருந்தேன். மறுநாள் காலை அந்த மடிக்கணினியைத் திறந்து, நினைவகத்தை எது விழுங்குகிறது என்று பார்த்தேன். பேசும் மென்பொருள் கொஞ்சம்தான் எடுத்துக்கொண்டிருந்தது. கோப்புகளைத் தேடித் தருகிற வசதிதான் பின்னணியில் ஓயாமல் ஓடி, மற்றதற்கு இடமில்லாமல் செய்திருந்தது. அதை நிறுத்தியதும் குரல் உடனே வந்தது. ஒரேயடியாக அணைத்துவிடலாம் என்றேன். சித்தப்பா தலையாட்டி மறுத்தார். முன்பு சொன்னதையெல்லாம் அதில் தேடி எடுத்துத்தான் மறுபடி பேசவைக்கிறேன் என்று அடித்துக் காட்டினார்.

அப்போதுதான் விஷயம் விளங்கியது. முதல்நாளிலிருந்து தான் பேசிய அத்தனையையும் அவர் ஒரே கோப்பில் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார். புதிதாக ஒரு வரி சேரும்போதெல்லாம் தேடும் கருவி அந்தப் பெரிய கோப்பை முதலிலிருந்து வாசித்திருக்கிறது. அதை நாளுக்கொரு கோப்பாகப் பிரித்தேன். வீங்கிப்போயிருந்த தேடல் அட்டவணையை அழித்துவிட்டுப் புதிதாக உருவாகவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. சித்தப்பா சித்தியைப் பார்த்து ஏதோ அடித்தார். கை எடுக்குமுன் கணினி சொன்னது: "ஏட்டி, ஓட்டப்பிடாரம் போவோம்."

அன்று சாயங்காலமே மடிக்கணினியோடு போய் நின்ற எங்கள் மூவரையும் மாப்பிள்ளையின் அம்மா உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. சித்தி விளக்கம் சொல்ல ஆரம்பித்தாள். கோளாறு மிஷினில்தான், அவிய மனசில் ஒன்றுமில்லை என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோதே அந்தத் தகரக் குரல் குறுக்கிட்டது.

"நீ சும்மா இரு. நான் சொல்லுதேன்."

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் சித்தியின் பேச்சை மறித்தது அதுதான் முதல்முறை. அவள் அப்படியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பாவின் விரல்கள் ஓடின.

"நேத்து நீங்க பாதியில நிறுத்திட்டீங்கம்மா. மிச்சத்தக் கேக்கத்தான் வந்தோம்."

அந்த அம்மாள் எதிரே உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். சித்தப்பா அவர் சொல்லி முடிக்கும்வரை விசைப்பலகையில் கை வைக்கவில்லை.

கல்யாணம் நடந்தது. இப்போது நான் போன் செய்தால் சித்தியால் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க முடிவதில்லை. நடுவில் அந்தக் குரல் வந்துவிடுகிறது. இந்த மனுசனோடு பெரும்பாடாக இருக்கிறது என்று அவள் திட்டுகிறாள். திட்டிக்கொண்டே, எனக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று போனை அவர் பக்கம் நகர்த்தி வைக்கிறாள்.