கயிறில்லாமல் வந்த கினிப்பன்றி

குப்பை வண்டி தள்ளுகிற பெண் எங்கள் கேட்டுக்கு வெளியே இருந்த அட்டைப்பெட்டியைத் தூக்கினாள், உடனே கீழே வைத்துவிட்டாள்.

"ஆயா, உள்ள இன்னாவோ கத்துது."

என்னை ஆயா என்றதற்கு அவளை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் பெட்டிக்குக் குனிந்தேன். ஷூ கம்பெனிப் பெட்டி. வாய் முழுக்க பிரவுன் டேப் ஒட்டியிருந்தது. மூச்சுக்கு ஒரு ஓட்டை கிடையாது. உயிரோடு இருப்பதைக் குப்பையில் போடுகிறவர்களுக்கு டேப்பை மட்டும் சுருக்கமில்லாமல் ஒட்டப் பொறுமை இருந்திருக்கிறது. அந்த டேப்பைக் கிழிக்கும்போது வந்த கோபம் இதை எழுதும்போதும் வருகிறது. எழுத்துக்கூட்டி எழுதுகிறவள் நான், மெதுவாகத்தான் வரும். கோபம் அதுவரை காத்திருக்கும்.

உள்ளே ஒரு ஆம்பளை ஷூ அளவுக்கு ஒரு பிராணி. வெள்ளையும் பழுப்புமாக ரோமம், மூத்திரத்தில் ஊறிச் சடை பிடித்திருந்தது. வால் இல்லை. வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டிருந்தது, முதுகெலும்பை மட்டும் எண்ணிவிடலாம் போல் இருந்தது. மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா பேரனின் முதல் பிறந்தநாளுக்கு வேலூரிலிருந்து ஒரு ஜோடி வாங்கி வந்தாள். நிற்கவே தெரியாத பிள்ளைக்கு ஜோடிப் பிராணி! அதில் பெண் இது.

பெட்டியோடு மாடிப்படி ஏறினேன்.

"ஏம்மா, இது உங்களுதுதான?"

"அது ஊதினு கெடக்குது. இன்னா சீக்கோ. புள்ள இருக்கிற வூடு," என்றாள்.

"அதுக்குன்னு குப்பையில போடுவியா?"

"உனக்கு வேணும்னா வச்சிக்கயேன். நான் வாணான்னா சொன்னேன்?"

அவளுக்குப் பின்னால் மருமகள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாட்டாஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா இருந்தார். பெட்டிக்குள் கையை விட்டு வயிற்றை விரலால் தடவிப் பார்த்தார். "சீக்கு இல்லம்மா, சினை. இதுக்குப் பேரு கினிப்பன்றி. மூணு குட்டி கைக்குத் தட்டுது," என்றார். அரிசிச் சோறு போடாதீங்க, புல்லு, கொத்தமல்லித் தண்டு, கொய்யா, நெல்லிக்காய் கொடுங்க என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "ஒண்ணு முக்கியம். குட்டி போட்ட அன்னிக்கே ஆண் கூட சேந்தா மறுபடியும் சினை புடிச்சிரும். இருக்கிற உடம்புக்கு இது ஒண்ணைத் தாங்கினாலே பெருசு. இன்னொண்ணு வந்தா செத்துடும். ஆணைக் கிட்டவே விடாதீங்க."

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். என் தங்கையும் ஒருமுறை இப்படித்தான் எலும்பும் வயிறுமாக வந்து இறங்கினாள். தலைப்பிரசவம் எங்கள் வீட்டில். பெற்ற ஐந்தாம் மாதம் சீர் வைத்து அனுப்புவதுதான் எங்களில் வழக்கம். அவள் மாமியாருக்கு அதுவரை பொறுக்கவில்லை. சோறாக்க ஆள் இல்லை, பிள்ளை தனியாகக் கஷ்டப்படுகிறான் என்று பச்சை உடம்புக்காரியைக் கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளை என்றது அவள் மகனை. உடனே வந்த அடுத்த பிரசவத்தில் குழந்தையும் தங்கவில்லை, தங்கையும் தங்கவில்லை. விதி என்றார்கள். விதி என்று சொல்ல மட்டும் சாதிசனம் மொத்தமும் பந்தலுக்கு வந்தது.

ஆகையால் பஸ் விட்டு இறங்கும்போதே முடிவு பண்ணிவிட்டேன். இதை நான் மாடியில் இருக்கும் ஆணிடம் அனுப்பப்போவதில்லை.

புல்லுக்குத்தான் அலைந்தேன். எங்கள் தெருக்கோடியில் தோல் பதனிடுகிற ஷாப்புத் தண்ணீர் போகிற கால்வாய் ஓரம் புல் இடுப்பளவு நிற்கும், கரும்பச்சையாக. ஆட்டுக்காரர்கள் அந்தப் பக்கம் ஆட்டைத் திருப்பவே மாட்டார்கள். நான் மட்டும் இந்த வாயில்லாததற்கு அதை அறுத்துப் போடுவேனா? ஒடுகத்தூர்ப் பக்கமிருந்து பச்சை வேர்க்கடலை கொண்டுவரும் பெண்களிடம் நின்று, காய் ஆய்ந்த கொடியைக் கேட்டு வாங்கிவருவேன். பை சலசலக்கும் சத்தம் கேட்டாலே அது வீக் வீக் என்று கத்தும். முழங்கால் வலியோடு நடந்து வருகிறவளுக்கு அந்த அதிகாரம் பிடித்திருந்தது.

பக்கத்து போர்ஷனில் இருக்கும் பாய் வீட்டம்மா எனக்குத் தோஸ்த். டாக்டர் சொன்ன பேரைச் சொன்னதும் வாசலோடு நின்றுவிட்டாள்.

"அக்கா, பேருலயே அது கீதே! எலின்னு சொல்லு, உள்ள வர்றேன்."

"சரி, சீமை எலி."

"ஹாங், இப்ப சரி," என்று உள்ளே வந்து, அவள் மகன் பழக்கடையில் மிச்சமான கொய்யாவைத் தட்டில் கொட்டினாள். "ஜாஸ்தி பழுத்தது. உன் எலிக்குக் குடு. நீ துன்னுடாத."

குட்டி போட்டது ஒரு நடுப்பகலில். அரிசி களைந்துகொண்டிருந்தேன், திரும்பிப் பார்த்தால் மூன்று. பிறக்கும்போதே ரோமத்தோடும் பல்லோடும் கண் திறந்தும் வந்திருந்தன. ஈரம் காய்வதற்குள் தத்தித் தத்தி ஓடின. தாய்க்கு முலை இரண்டுதான். மூன்றாவது குட்டி மற்றதை மிதித்து, தள்ளி, தன் முறைக்குச் சண்டை போட்டது. தாய் கண்ணை அரைகுறையாக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் கொய்யாத் துண்டை மூக்குக்கு நேராக நீட்டினேன். எழுந்து வர முடியாமல் கழுத்தை மட்டும் நீட்டித் தின்றது.

போர்ஷன் வீட்டில் எந்தச் செய்தி நிற்கும்? மறுநாள் காலை குழாயடியில் எல்லோரும் குடம் வைத்திருக்கும்போது வீட்டுக்காரம்மா இறங்கி வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"மூணு குட்டியாமே! நல்லதாப் போச்சு. தாய மேல அனுப்பு. கடா தனியா கத்தினு கெடக்குது. சேத்து வுட்டா அடுத்த ஈத்துக்கு ஆவும். கடையில நல்ல வெலைக்கு எடுத்துக்கிறானாம்."

"எதுக்கு நான் அனுப்பணும்?"

"இன்னா இப்படிக் கேக்குற? ஆட்ட வாரத்துக்கு வுடுறதில்ல? நான் குடுத்தேன், நீ வளத்த. தாய் எங்களுது, குட்டி ஆளுக்குப் பாதி. நியாயமாத்தான் பேசுறேன்."

குழாயடியில் இரண்டு பேர் தலையாட்டினார்கள், வாரம்னா அப்படித்தான் என்று. எனக்கு அவர்கள் மேல்தான் கூடுதலாக எரிந்தது. என் அப்பா வாரத்துக்கு ஆடு வளர்த்தவர். இவளும் ஆட்டுப்பட்டி இருந்த வீட்டில் பிறந்தவள்தான். ஆட்டை வாரத்துக்கு விடுகிறவன், நாலு பேர் பார்க்க, தன் கையால் கயிறை எடுத்து வளர்க்கிறவன் கையில் கொடுப்பான். கயிறு கைமாறினால்தான் வாரம். அது அவளுக்கும் தெரியும்.

"கயிறு எங்க?" என்றேன்.

"இன்னா கயிறு?"

"வாரத்துக்கு வுட்டேன்னியே, எந்தக் கையால கயித்தக் குடுத்த? சோத்துக் கையாலயா, பீச்சாங்கையாலயா? யாரு பாத்தது?"

"நல்லா கீதே! எலிக்கு யாராச்சும் கயிறு கட்டுவாங்களா?"

"கட்ட மாட்டாங்க. டேப்பு ஒட்டுவாங்க."

பாய் வீட்டம்மா முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கேட்டில் வண்டியை நிறுத்தியிருந்த குப்பைக்காரப் பெண், "டேப்ப நானும் பாத்தேன்," என்றாள், யாரும் கேட்காமலே. தலையாட்டிய இரண்டு பேரும் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

வீட்டுக்காரம்மா முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "வீடு என்னுது. ஞாபகம் வச்சிக்க."

"வீடு உன்னுதுதான். எலி என்னுது. பெத்த ஈரம் காயல, அதுக்குள்ள கடாகிட்ட அனுப்புன்ற. நீ பெத்தப்ப உன்னய யாராச்சும் அப்படி அனுப்புனாங்களா?"

விடுவிடுவென்று படி ஏறினாள். அன்றிலிருந்து எங்கள் பக்கத்துக்கு மோட்டார் தண்ணீர் வருவதில்லை. ரிப்பேராம். மாடித்தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் மட்டும் தினமும் கேட்கும். பாய் வீட்டுக்கும் சேர்த்துத்தான் நிறுத்தியிருக்கிறாள், சிரித்ததற்கு. நாங்கள் இருவரும் தெருக்கோடி கைபம்பில் அடித்துக்கொண்டு வருகிறோம். வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் பண்ணுவேன். பெட்டியை முதலில் ஆட்டோவில் ஏற்றிவிட்டுத்தான் மற்றது.

போன வாரம், மாடியில் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த நேரம், மருமகள் காலி பக்கெட்டோடு வந்து நின்றாள். தண்ணீருக்கு வந்தவள் போல. எங்கள் பக்கம் தண்ணீர் இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா?

"எலியப் பாக்கலாமாம்மா?"

உட்கார் என்றுகூடச் சொல்லவில்லை நான். அவளே பெட்டிப் பக்கத்தில் சுவரோரமாக உட்கார்ந்தாள். குட்டிகள் இப்போது கொத்தமல்லித் தண்டைக் கடிக்கின்றன. தாய்க்கு முதுகில் சதை பிடித்திருக்கிறது.

"டேப்பு நீதான் ஒட்டினியா?" என்றேன்.

"ஆமாம்மா."

"ஒரு ஓட்டை குத்தினா இன்னா?"

"அத்தை குத்தச் சொல்லல," என்றாள். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். எனக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அழுகிற வேகத்தில் கையை வாயில் வைத்து ஓங்கரித்தாள். அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். மேலே தூங்குகிற பிள்ளைக்கு இவள் இன்னும் பால் மறக்கடிக்கவில்லை.

"எத்தினி மாசம்?"

"ரெண்டு தாண்டுது. அம்மா வூட்டுக்குப் போறேன்னு கேட்டேன், அத்தை வுடல. போன பிரசவத்துக்கே அங்க பாதில எழுந்து வந்துட்டேன், அத்தைக்கு முடியலன்னு." பெட்டியைப் பார்த்தாள். "இதுகிட்ட கடா வர்றதேயில்லையா?"

"வர வுடமாட்டேன்."

அவள் பெட்டிக்குள் விரலை நீட்டினாள். குட்டி ஒன்று அவள் விரலை முகர்ந்துவிட்டு ஓடியது. தட்டில் பிராணிக்கு நறுக்கி வைத்திருந்த கொய்யாவில் ஒரு துண்டை எடுத்து, என்னைப் பார்க்காமலே வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு இன்னொன்று. அது வெளியே வரவில்லை, வயிற்றில் தங்கியது. நான் கத்தியை எடுத்து இன்னொரு பழம் நறுக்கி வைத்தேன்.

மாடியிலிருந்து மாமியார் கூப்பிட்டாள். இவள் பதறிப் பக்கெட்டைத் தேடினாள். நான் அவள் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு வாசலுக்குப் போனேன்.

"இங்க வரல!" என்று மேலே பார்த்துக் கத்தினேன்.