உருளும் வெளிச்சம்

ஏலக் கம்பெனியில் வேலை கிடைத்த அன்று அவளுடைய அம்மா கேட்டாள்: "காச உத்துப் பாக்கறதுக்கா இவ்வளவு படிச்சே?" ஓட்டலில் பாத்திரம் தேய்த்தே மகளைப் பட்டதாரியாக்கிய அம்மா. பளபளவென்று இருந்தால்தான் அவளுக்கு அது சுத்தம். மகளுக்கு வாய்த்ததோ, பளபளப்பைச் சந்தேகிக்கிற உத்தியோகம்.

பழைய தங்க நாணயங்களுக்குத் தரம் போடுவது அவள் வேலை. பூதக்கண்ணாடியை அப்புறம்தான் எடுப்பாள். முதலில் விளிம்பைப் பிடித்து விளக்கின் கீழ் மெல்லச் சாய்ப்பாள். அச்சிட்ட அன்றைய மேனி கலையாமல் இருந்தால் வெளிச்சம் சக்கரம்போல் நாணயத்தின் மேல் உருண்டு வரும். பிறகு நாணயத்தில் பொறித்த ராணியின் கன்னம் தேய்ந்திருக்கிறதா, கூந்தல் இழைகள் பிரிந்து தெரிகின்றனவா என்று பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவாள். ஓர் எண் கூடினாலும் விலை எங்கேயோ போய்விடும்.

அன்று ஒரு தையல்காரர் மனைவியோடு வந்தார். பழைய முதலாளி கடையை மூடும்போது கையில் கொடுத்துவிட்டுப் போன நாணயம். அதை விற்று, தெருமுனையில் காலியாகக் கிடக்கும் கடையைப் பிடிக்க வேண்டும். மாதக் கடைசிவரைதான் அந்த இடத்துக்காரர் பொறுப்பாராம். உட்காருவதற்குள்ளேயே மனைவி இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள்.

"பாரும்மா, கண்ணாடி மாதிரி இல்ல? பல்பொடி போட்டு நாந்தான் தேச்சேன். கையே விட்டுப்போச்சு."

இவள் நாணயத்தைச் சாய்த்தாள். வெளிச்சம் உருளவில்லை, ஒரே இடத்தில் நின்று கண்ணைக் குத்தியது. மேலெல்லாம் மயிரிழைக் கீறல்கள். சீட்டில் 'தேய்க்கப்பட்டது' என்று எழுதி நீட்டிவிடலாம். பக்கத்து மேசையில் தரம் போடுகிறவர் அப்படித்தான் செய்வார். ஆனால் எதிரே இருந்த அந்தக் காய்த்துப்போன விரல்களை அவள் வீட்டில் தினமும் பார்க்கிறாள்.

"அக்கா, ஆசையாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா தேச்சா இதோட மேல்தோல் போயிடும். இப்ப வெறும் தங்க எடைக்குத்தான் விலை."

"அப்ப கடை?" என்றாள் மனைவி.

தையல்காரர் தொண்டையைச் செருமினார். "மொதலாளி குடுத்ததுல இன்னொண்ணு இருக்கு..."

"ஐயோ, அத எடுக்காதீங்க! மங்கிப்போய்க் கெடக்கு, மானம் போகும். அதையாவது நீங்க தேய்ங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். நாளைக்கு நாளைக்குன்னு படுத்துத் தூங்கிட்டாரும்மா!"

"தூங்கிட்டாரா!" இவள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "அண்ணே, முதல்ல அதைக் குடுங்க."

துணிப் பொட்டலத்திலிருந்து லேசாகச் சிவப்பேறிய நாணயம் வெளியே வந்தது. சாய்த்தாள். வெளிச்சம் அலுங்காமல் ஒரு சுற்று உருண்டது. கன்னத்தில் மட்டும் ஒரு சின்ன அடி. அறுபத்து நான்கு என்று பென்சில் எடுத்தவளின் கை நின்றது. இந்த எண்ணைப் போடுவது கண்ணா, இரக்கமா? தன் எண்ணைச் சொல்லாமல் நாணயத்தைப் பக்கத்து மேசையில் வைத்தாள்.

அவர் நிதானமாகப் பார்த்தார். "அறுபத்து நாலு. எந்தப் புண்ணியவானோ கையே வைக்கல."

அதன் பிறகுதான் எழுதினாள்.

ஏலத்தன்று இரண்டு பேர் விடாப்பிடியாகக் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தார்கள். சுத்தியல் விழுந்தபோது, கடைக்கு முன்பணம் போக ஒரு புதுத் தையல் மெஷினுக்கும் மிஞ்சும் என்று தெரிந்துவிட்டது. கடைசி வரிசையில் தையல்காரர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"சோம்பேறின்னு திட்டுவியே. பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன்," மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "வீட்ல நீங்க தேய்க்காத பாத்திரம் ஒரு குவியல் கெடக்கு. அதையும் கொண்டாந்து இந்தப் பொண்ணுகிட்டக் காட்டுங்க."