காலி டிஸ்க்கைப் போடவும்

எங்கள் ஸ்கேன் சென்டரில் ஸ்டேப்ளரைக்கூடச் சணல் கயிறு போட்டு மேஜைக் காலோடு கட்டி வைத்திருக்கும் மனிதர் ஒருவர் உண்டு. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. எங்களுக்கெல்லாம் அவர் பூட்டண்ணன். ஸ்கேன் முடிந்ததும் படங்கள் பதிவறையில் இருக்கும் அவருடைய கம்ப்யூட்டருக்குப் போய்விடும். அவர் அவற்றை ஒரு சி.டி.யில் எழுதி, உறையில் போட்டு, ரிப்போர்ட்டோடு சேர்த்துக் கொடுப்பார். பதினாறு வருடமாக இதே வேலை. நான் ஸ்கேன் மெஷினை இயக்குகிறவள். எங்கள் இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சன்னல்தான், அதனால் அவருடைய கூத்தையெல்லாம் பார்த்துத் தொலைக்க வேண்டியது என் தலையெழுத்து.

அலமாரியைப் பூட்டுவார், பூட்டை இழுத்துப் பார்ப்பார், நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். ஒருநாள் அவர் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அவருடைய மனைவி வந்திருந்தார். வீட்டிலும் இப்படித்தானா என்று கேட்டேன்.

"அதை ஏன்மா கேக்கிற? எண்ணெய் பாட்டில்ல பேனாவால கோடு போட்டு வெச்சிருக்காரு, யாரு எவ்வளவு எடுத்தாங்கன்னு பாக்க. எனக்கு மட்டும் கோடு போடத் தெரியாதா? எடுத்ததும் பழசை அழிச்சிட்டுப் புதுக் கோடு போட்டுடுவேன். இன்னி வரைக்கும் கண்டுபிடிக்கல."

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. ஆனால் அந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். முன்பு ஒரு பள்ளியில் விளையாட்டுச் சாமான் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இரண்டு மட்டையும் ஒரு ஸ்டாப் வாட்ச்சும் காணாமல் போக, விசாரணைகூட இல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "நான் எடுக்கலன்னு காட்ட எங்கிட்ட ஒண்ணுமே இல்ல தங்கச்சி" என்றார். அதற்குப் பிறகு அவரை நான் கிண்டல் செய்வது கொஞ்சம் குறைந்தது. நின்றுவிடவில்லை.

அன்று திங்கட்கிழமை. நாங்கள் கதவைத் திறக்கும்போதே ஓர் அம்மா ஆறு வயதுப் பெண்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். சனிக்கிழமை அந்தக் குழந்தைக்குத் தலை ஸ்கேன் எடுத்தது நான்தான். அசையாமல் படுக்க மயக்க ஊசி போட வேண்டியிருந்தது. ஊசியைப் பார்த்ததும் அது அலறிய அலறல் இரண்டு நாளாக என் காதைவிட்டுப் போகவில்லை. தலைக்குள் ஏதோ வளர்கிறது. அதை அறுத்து எடுக்க வேண்டுமா, விட்டுவைக்கலாமா என்று சொல்லக்கூடிய சர்ஜன் வேறு ஊரில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அன்று மாலை நாலு மணி வரைதான் பார்ப்பார். மறுநாள் வெளிநாடு போனால் திரும்ப ஒரு மாதம். பன்னிரண்டே காலுக்குப் பஸ். அதை விட்டால் அடுத்த பஸ் போய்ச் சேரும்போது அவர் கிளம்பியிருப்பார்.

"டிஸ்க்கைக் கொடுத்துடுங்க சார், போயிடுறேன்" என்றார் அந்த அம்மா.

"பத்தே நிமிஷம்மா" என்று பூட்டண்ணன் அலமாரியைத் திறந்து, சி.டி. அடுக்கின் மேலிருந்து ஒன்றை எடுத்து டிரைவில் போட்டார். டிரைவ் கர்ரென்று சுற்றியது, நின்றது, மறுபடியும் சுற்றியது. திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்தது: காலி டிஸ்க்கைப் போடவும்.

"போட்டாச்சே" என்றார் அவர், எதிரில் ஆள் இருப்பதுபோல.

வெளியே எடுத்து, சட்டை நுனியில் துடைத்துப் போட்டார். காலி டிஸ்க்கைப் போடவும். இன்னொன்றைப் போட்டார். காலி டிஸ்க்கைப் போடவும். கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடியும் போட்டார். அது எழுந்து வருவதற்கே ஏழு நிமிடம். எழுந்து வந்து, முதல் காரியமாக அதையே சொன்னது. வயிற்றில் டிஸ்க்கை வைத்துக்கொண்டே டிஸ்க்கைக் கேட்கிற ஜென்மத்தை என்ன செய்வது? எனக்கு அதன் தலையில் ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

நான் அந்தப் பக்கம் போய், போன மாதம் எழுதிய பழைய டிஸ்க் ஒன்றைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அது சமர்த்தாகத் திறந்தது, படங்கள் வரிசையாக வந்தன. ஆக டிரைவ் படிக்கிறது. காலி டிஸ்க்கைப் போட்டால் மட்டும் கண் தெரியவில்லை.

சர்வீஸ்காரருக்குப் போன் போட்டோம்.

"ரீஸ்டார்ட் பண்ணீங்களா?"

"பண்ணியாச்சு."

"இன்னொரு தடவை பண்ணிப் பாருங்க."

அந்த ஏழு நிமிடமும் போனது. பிறகு அவர் சொன்னபடி கேபிளைப் பிடுங்கிச் செருகினோம். செட்டிங்கில் டிரைவை நீக்கிவிட்டு மறுபடியும் சேர்த்தோம். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு லென்ஸைத் துடைத்தோம். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரே பல்லவி. கடைசியில் சர்வீஸ்காரர், "லென்ஸ் போயிருக்கும் சார். பழசைப் படிக்கும், புதுசுல எழுத பவர் பத்தாது. நாளைக்குச் சாயந்திரம் வேற டிரைவ் கொண்டு வரேன்" என்று வைத்துவிட்டார். நாளை சாயந்திரமாம்! அவருக்கென்ன, வாய் இருக்கிறது, சொல்லிவிட்டார்.

மணி பத்தே முக்கால். அந்த அம்மா சன்னலுக்கு வந்துவிட்டார்.

"பத்து நிமிஷம்னீங்களே சார்!"

"மெஷின் மக்கர் பண்ணுதும்மா."

"பென் டிரைவ்ல போட்டுக் கொடுங்க."

"அங்க பென் டிரைவைச் சொருக விடமாட்டாங்கம்மா. வைரஸ் வரும்னு எல்லாத்தையும் அடைச்சு வெச்சிருக்காங்க. மெயில்ல அனுப்பினாலும் பாக்க மாட்டாங்க. டிஸ்க்தான் வாங்குவாங்க."

"சனிக்கிழமையே கொடுத்திருக்கலாம்ல? அன்னிக்குப் பூட்டிட்டுப் போயிட்டீங்க. இப்போ மெஷின் மேல பழி போடுறீங்க. அங்க மறுபடியும் ஸ்கேன் எடுக்க எம்பொண்ணுக்கு ஊசி போடச் சொல்வீங்களா?"

நான்தான் பர்ஸை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். கம்ப்யூட்டர் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "அதெல்லாம் யாருங்க இப்போ வாங்குறாங்க? ஆர்டர் கொடுத்தா ரெண்டு நாள்ல வரும்" என்றார். போட்டோ ஸ்டுடியோவில் டி.வி.டி. இருந்தது. வாங்கி ஓடிவந்தேன். எங்கள் டிரைவ் கம்பெனி ஆரம்பித்த காலத்துப் பெருசு, அது சி.டி.யில் மட்டும்தான் எழுதும். இது பூட்டண்ணனுக்கு நன்றாகத் தெரியும். வியர்க்க விறுவிறுக்க நான் திரும்பி வந்த பிறகு சொல்கிறார்.

"போறதுக்கு முன்னாடி சொல்றதுக்கென்ன?" என்று கத்தினேன்.

"நீ சொல்லிட்டா போன?"

வேறு வழியில்லாமல் வரவேற்பறைக் கம்ப்யூட்டரில் இருந்த இன்னொரு பழைய சி.டி. டிரைவில் எங்கள் காலி டிஸ்க்கைப் போட்டேன். அதுவும் டிஸ்க் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு டிரைவும் ஒரே காலையில் சொல்லிவைத்தாற்போல் குருடாகுமா? கோளாறு டிரைவில் இல்லை.

டிஸ்க்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பளபளக்கும் பக்கத்தில் ஒரு கீறல் கிடையாது. என்ன எழவு இது என்று டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். நடு ஓட்டையை ஒட்டி, வெளிச்சம் ஊசி ஊசியாக இந்தப் பக்கம் வந்தது. உற்றுப் பார்த்தால் எண்: தொண்ணூற்றெட்டு.

"அண்ணே, இது என்ன?"

அவருடைய முகத்தில் முதலில் ஒரு பெருமைதான் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னவோ செய்கிறது. கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்திச் சொன்னார். போன மாதம் பத்து டிஸ்க் குறைகிறது என்று மேனேஜர் அவரைக் கேட்டாராம். மார்க்கர் பேனாவால் எண் போட்டால் எடுக்கிறவன் ஸ்பிரிட்டால் துடைத்துவிடுகிறான். அதனால் சனிக்கிழமை மத்தியானம், மகளுடைய ஜாமெட்ரி பாக்ஸ் காம்பஸைக் கொண்டுவந்து, புதிதாக வந்த நூறு டிஸ்க்கிலும் மேல்பக்கம் முள்ளால் எண் கீறியிருக்கிறார். யாருக்கும் சொல்லவில்லை. திருடனைப் பிடிக்க அது பொறி.

"எழுதுற பக்கத்துல கை வைக்கவே இல்ல தங்கச்சி. மேல்பக்கம்தானே?"

"மேல்பக்கம்தாண்ணே எல்லாமே இருக்கு! கீழ வெறும் பிளாஸ்டிக். அந்த மினுமினுப்புத் தகடு மேல லேபிளுக்கு அடியிலதான் ஒட்டியிருக்கு. உள்ளே போனதும் டிரைவ் முதல்ல படிக்கிறது அந்த ஓட்டைக்குப் பக்கத்துலதான். இது காலி டிஸ்க்குனு அங்க எழுதியிருந்தாத்தான் டிரைவுக்குத் தெரியும். அதைத்தான் நீங்க முள்ளால குத்திக் குத்தி எடுத்திருக்கீங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகம் செத்துப்போயிற்று. எனக்குத் திட்ட வாய்வரை வந்தது, அந்த முகத்தைப் பார்த்து விழுங்கினேன். சன்னலுக்கு அந்தப் பக்கம் அந்தக் குழந்தை பெஞ்சில் படுத்துக்கொண்டு செருப்பைக் காலால் தட்டிக்கொண்டிருந்தது. மணி பதினொன்றரை ஆகப்போகிறது.

திடீரென்று அவர் எழுந்து அடுக்கை அப்படியே கவிழ்த்தார்.

"முதல்ல பயந்து பயந்து லேசா கீறினேன். போகப் போகத்தான் கை அழுந்துச்சு. ஒண்ணாம் நம்பரு அடியில இருக்கும்."

இருந்தது. லைட்டில் பிடித்தால் மங்கலாக ஒரு கோடு, அவ்வளவுதான். டிரைவில் போட்டார். சுற்றியது. நின்றது. மறுபடியும் சுற்றியது. எழுதத் தயார் என்றது திரை.

ஆக மெதுவான வேகத்தில் எழுத வைத்தார். முடிந்ததும் திறந்து பார்த்தோம். படங்கள் வந்தன. உறையில் போட்டுச் சன்னல் வழியாக நீட்டும்போது பதினொன்று நாற்பத்தைந்து.

அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்க சார். பதட்டத்துல வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். மெஷின் கெட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?"

விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பூட்டண்ணன் வாயைத் திறக்கப்போகிறார் என்று தெரிந்ததும் கண்ணைக் காட்டினேன், காலை மிதித்தேன். இந்த வேலையும் போனால் இந்த வயதில் யார் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்?

"மெஷின் கெடலம்மா. நான்தான் டிஸ்க்கைக் கெடுத்தேன். நம்பர் போடுறேன்னு முள்ளால கீறிட்டேன். மெஷின் மேல பழியைப் போட்டதும் நான்தான்."

அந்த அம்மா அவரையே பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தன் கையில் இருந்த உறையைப் பார்த்தார்.

"இதுலயும் கீறியிருக்கீங்களா?"

"இதுலயும்தான்மா. லேசா."

"அப்போ இது அங்க தொறக்குமா?"

பூட்டண்ணன் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "தெரியலம்மா" என்றார். "இங்க தொறந்துச்சு. அங்க எந்த மாதிரி டிரைவோ, தெரியல."

"தெரியலன்னா என்ன சார் அர்த்தம்?" என்று அந்த அம்மா போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து மேனேஜரே இறங்கி வந்துவிட்டார். அவர் காதிலும் எல்லாம் விழுந்தது. பூட்டண்ணன் யார் பக்கமும் திரும்பாமல் இரண்டாம் எண்ணைப் போட்டு எழுதினார். பிறகு மூன்று. நாலாம் எண்ணை டிரைவ் ஏற்கவில்லை. மூன்று உறையையும் கொடுத்து, ஒன்றின் மேல் தன் போன் நம்பரை எழுதிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடி பஸ் ஸ்டாண்டுக்கு அவரே முன்னால் ஓடினார். பஸ் கிளம்பிய பிறகுதான் திரும்பி வந்தார்.

மேனேஜர் அவரைக் கூப்பிட்டு வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். நாளைக்கு விளக்கக் கடிதம் கொடுக்கச் சொன்னார். பூட்டண்ணன் சரி சரி என்றே சொல்லிக்கொண்டிருந்தார்; காதில் எதுவும் ஏறியதாகத் தெரியவில்லை. கொண்டுவந்த சாப்பாட்டைத் திறக்கவில்லை. மூன்று மணிக்குப் போனை எடுத்து மேஜையில் வைத்தார். மூன்றரைக்கு அது வேலை செய்கிறதா என்று பார்க்க, என்னைப் போன் போடச் சொன்னார். நாலு அடித்தது. நாலே காலும் ஆயிற்று. அலமாரி திறந்தபடி கிடந்தது.

நாலரைக்குப் போன் அடித்தது. அவர் எடுப்பதற்குள் நான்தான் ஸ்பீக்கரைப் போட்டேன்.

"சார், டாக்டர் பாத்துட்டாரு. உடனே ஆபரேஷன் பண்ணணுமாம். ஒரு மாசம் தள்ளினா பாப்பாவுக்குப் பார்வை போயிடுமாம். ஊருக்குப் போறதைத் தள்ளி வெச்சு, காலைல அவரே பண்றேன்னுட்டாரு."

அவர் போன் பக்கமாகக் குனிந்தார். பிறகு, "எந்த டிஸ்க் தொறந்துச்சும்மா?" என்று கேட்டார்.

"மூணாவது. மத்த ரெண்டும் தொறக்கல சார்."

போனை வைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். ஒன்றாம் எண்ணோடு வாயை மூடிக்கொள்ளட்டும் என்று அவருடைய காலை மிதித்தவள் நான். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.