சருகின்மேல் வந்த விருந்து

மலையாய் நின்று, அம்மலையின் சிறுபுல்லுக்கும் ஒரு மணி விதை ஈந்த பெருமானே, அடியேன் எழுதும் இச்சிற்றுரைக்குத் துணை நிற்பாயாக. இன்று தை மாதத்து வளர்பிறைப் பஞ்சமி, வெள்ளிக்கிழமை.

கார்த்திகையில் என் மனைவி கிணற்றடியில் வழுக்கி விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டாள். அறுவை சிகிச்சை முடிந்தும் காலை ஊன்றக் கூடாது என்றார் மருத்துவர். புதூர்நாட்டு வீட்டில், தோட்டத்தைப் பார்த்த சன்னலோரம் அவள் கட்டிலைப் போட்டேன். நாளுக்கு நாள் அவள் பேச்சுக் குறைந்தது, உண்பதும் குறைந்தது. ஒன்றை மட்டும் கேட்டாள். எங்கள் வேலிப்புதரில் விடியல்தோறும் ஒரு கவுதாரி கூவும். முப்பது ஆண்டுகளாகக் குரலைத்தான் கேட்டிருக்கிறோம்.

"அத ஒரு வாட்டியாவது கண்ணால பாக்கணும்ங்க. நான்தான் எங்கயும் போவ முடியாது, அது வரலாமில்ல?"

அதை வரவழைப்பது என் கடமையாயிற்று. எனக்குத் தெரிந்த உபசாரம் ஒன்றே. விடியுமுன் நீராடித் தோட்டத்தை ஒரு சருகில்லாமல் பெருக்கினேன்; சாணம் தெளித்தேன்; கோணலாகவேனும் ஒரு கோலமிட்டேன். காக்கைக்குப் படைக்கும் மதில்மேல் இலையிட்டு நெய்ச்சோறு வைத்து, மணியடித்து, நாள்தோறும் ஓதும் தேவாரப் பதிகத்தை ஓங்கிப் பாடினேன். காக்கைகள் வந்தன. அணில் வந்தது. கவுதாரியோ முன்னினும் தொலைவில் நின்று கூவியது.

"உங்க தொண்டைக்குப் பயந்து அது திருப்பத்தூர் பஸ் ஏறிடப் போவுது" என்றாள் மனைவி.

மார்கழி நடுவில், வழக்கமாக எங்களுக்குச் சாமை கொண்டுவரும் மலைக்காட்டு விவசாயப் பெண் வந்தாள். கூடையை இறக்காமலே மதிலை உற்றுப் பார்த்தாள்.

"இன்னா சாமி, மதிலு மேல யாருக்குப் பந்தி?"

"கவுதாரிக்கம்மா."

"கவுதாரி இன்னா உங்க சம்பந்தியா, மணியடிச்சதும் வந்து குந்திக்கிறதுக்கு? அது தரையச் சீய்ச்சிப் பொறுக்குற சாதி. நீங்க வழிச்சிப் பெருக்கி வெச்சிருக்கீங்க. சருகக் கொட்டி, மேல கொஞ்சம் சாமையத் தூவுங்க. அப்பறம் வாய மூடிக்கினு வூட்டுக்குள்ள போங்க."

உள்ளே கட்டிலிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அச்சிரிப்பைக் கேட்டுப் பல நாளாகியிருந்தது.

விருந்தாளிக்குக் குப்பையையா விரிப்பது? ஐயம் தீராமல், வேலியோரம் கிடந்த பலாச்சருகு ஒன்றைக் குச்சியால் புரட்டினேன். அடியில் ஈரம், கறையான், ஒரு வண்டு, பெயர் தெரியாத இரண்டு விதைகள். நான் நாள்தோறும் சோறு வைத்துவிட்டு, உண்மையான சோற்றைக் கூட்டி வெளியே கொட்டியிருக்கிறேன்!

மார்கழி விடியலில் பெருக்காத தோட்டமும் பாடாத வாயும் எனக்கு எளிதாக இல்லை. வாசலை மட்டும் பெருக்கிக்கொண்டு, சன்னலுக்கு நேரே சருகைக் கொட்டிச் சாமை தூவினேன். பதிகத்தை மனத்துள் ஓதினேன். தொண்டையின் துணையில்லாமல் அடிகள் இடம் மாறின, ஒரே பாட்டை இருமுறை தொடங்கினேன். முதலில் புறாக்கள் வந்தன. பிறகு தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு வந்து சச்சரவிட்டுப் போயின. ஒருநாள் சருகு விலகி, மண்ணில் கீறல்கள் தெரிந்தன. எவை கீறின, எப்போது கீறின என்றே பகலெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை பூசையறையில் பாதிப் பதிகத்தில் இருந்தேன். சன்னலுக்கு வெளியே சரக், சரக் என்றது. மனைவி என்னை அழைக்கவில்லை. கதவிடுக்கில் அவள் கை மட்டும் உயர்ந்தது: இரண்டு விரல், சற்றுப் பொறுத்து மூன்று. நான்கு எட்டு வைத்தால் நானும் கண்டிருப்பேன். காலடி கேட்டு அவை பறந்துவிட்டால்? அசையாமல் நின்றேன்.

"மூணுங்க!" என்றாள் பின்னர். "கழுத்துல கறுப்புக் கயிறு கட்னாப்ல ஒரு கோடு. காலு லேசா செவப்பு. கோழி மாதிரியே சீய்க்குதுங்க, ஆனா நிமிந்து நிமிந்து பாத்துக்குது." சொல்லிக்கொண்டே இரண்டு இட்டிலி தின்றாள், மூன்றாவதும் கேட்டாள். "நாளைக்கு நீங்க இங்க குந்துங்க. பதிகத்த நான் மனசுக்குள்ள சொல்லிக்கிறேன்."

அடியேன் இன்னும் கவுதாரியைக் காணவில்லை. நாளை அந்நேரத்தில் எனக்கு இருமல் வராமல் அப்பெருமான் காக்க வேண்டும். இதைப் படிப்போர் அனைவரின் இல்லத்திலும் படுத்தவர் எழுக, பசித்தவர் உண்க, நெடுநாள் காத்த விருந்து அஞ்சாமல் வந்திறங்குக.