வாசலுக்கு நேரே நின்ற இரும்புத் தூண்

என் கையெழுத்தை வாசிக்கச் சிரமமாக இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரக் கடைத்தெருவின் மூலையில் இருக்கிறது அந்தக் கட்டடம். நூறு வருடத்துக்கு மேல் பழையது. கீழே எங்கள் முதலாளியின் பலசரக்குக் கடை. முதல் மாடியில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். அதற்கு மேல் ஆட்கள் இல்லை.

ஆட்களோடு கதைக்க எனக்குக் கூச்சம். இடைவேளையில் எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய்க் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். சிவப்புச் செங்கல், சன்னல்களைச் சுற்றி மஞ்சள் கல். மூலையில் ஒரு பெட்டியைப் போல வெளியே தள்ளிக் கட்டிய அறை, அதன் மேல் இன்னொன்று, உச்சியில் கறுப்புக் கல் ஓடு வேய்ந்த கூம்பு. மேலே இவ்வளவு பாரம். கீழேயோ மூலையை வெட்டி வாசலும் கண்ணாடியும் வைத்திருந்தார்கள். எது தாங்குகிறது என்று தேடினேன். வாசலுக்கு உள்ளே இரண்டடியில் ஒரு இரும்புத் தூண். வேறொன்றும் இல்லை. முதலாளி அதை இடுப்பளவுக்குப் பலகை அடித்து மூடியிருந்தார்.

போன வருடம் வியாபாரம் படுத்துவிட்டது. ஊரில் வாஸ்து பார்க்கும் ஒருவருக்கு முதலாளி கடையைக் கைத்தொலைபேசியில் காட்டினார்.

“வாசலுக்கு நேரே தூண் குத்துதாம். லட்சுமி எப்பிடி உள்ள வருவா? வெட்டி எடுக்கப்போறன்” என்றார்.

“அண்ணை, அது பாரம் தாங்குற தூண்.”

“அது மழைத்தண்ணிக் குழாய். காதை வைச்சுக் கேள், தண்ணி ஓடும்.”

அதுவும் உண்மைதான். அந்தக் காலத்தில் தூணின் உள்வெற்றிடத்தாலேயே கூரைத் தண்ணீரை இறக்கியிருந்தார்கள். குழாயாக இருப்பது தூணாகவும் இருக்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“வீட்டுக்காரனிட்டக் கேட்டனீங்களோ?”

“கேட்டா விடுவானோ? நீ பலகையைக் கழட்டு, இஞ்சினியர்!”

பக்கத்தில் நின்ற அவருடைய மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். நான் பலகையைக் கழற்றினேன். மூன்று நாள் முதலாளியிடமோ மனைவியிடமோ இதைப் பற்றிப் பேசவில்லை.

சனிக்கிழமை காலை மச்சான் இரும்பு வெட்டும் மெசினோடு வந்தான். முழங்கால் உயரத்தில் வெட்டத் தொடங்கியதும் துருத்தண்ணீர் வழிந்தது.

“பாத்தியா, குழாய்!” என்றார் முதலாளி.

மேலே மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து வந்தவள். அவளுடைய கட்டில் அந்த மூலை அறையில், தூணுக்கு நேர் மேலே. நான் படியேறிப் போனேன். கதவு நிலையில் இறுகியிருந்தது. தோளால் தள்ளினேன். அவளுடைய போர்வையில் வெள்ளைத் தூள் விழுந்திருந்தது. முகட்டில் முதல்நாள் இல்லாத ஒரு வெடிப்பு.

“எழும்பு.”

“என்னப்பா, இப்பதானே படுத்தனான்?”

“சப்பாத்தைப் போடு. ஒண்டும் கேளாதை.”

அவளைத் தெருவுக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பி ஓடினேன். மெசின் இரைச்சலில் என் குரல் எடுபடவில்லை. முதலாளியின் கையைப் பிடித்து இழுத்துத் தெருவைக் கடந்தேன்.

“மேலே பாருங்கோ.”

பின்கதவால் வந்து பின்கதவால் போகிறவர். அந்தக் கட்டடத்தை அவர் ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. கூம்பிலிருந்து வாசல் வரை பார்வை இறங்க இறங்க அவர் முகம் வெளிறியது.

“டேய், மெசினை விட்டிட்டு ஓடி வாடா!” என்று கத்தினார்.

தீயணைப்புப் படை தெருவை மறித்தது. தூணின் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியிருந்தது என்று பொறியியலாளர் சொன்னார். கட்டடம் இன்றும் முண்டு கொடுத்த மரங்களில் நிற்கிறது. கடை பூட்டு. நாங்கள் வேறு இடத்தில் இருக்கிறோம். காற்று அடித்தால் மனைவி எழுந்து உட்கார்ந்து முகட்டைப் பார்க்கிறாள்.

போன கிழமை பேருந்தில் முதலாளியைக் கண்டேன். “தெரிஞ்சிருந்தும் அண்டைக்கே ஏன் கத்தேல்லை?” என்று கேட்டார். அந்த மூன்று நாளும் மனைவி தூணுக்கு மேலேதான் படுத்திருந்தாள். அவளுக்கு இதை வாயால் சொல்ல என்னால் முடியவில்லை. வாசிக்கட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை.