சிதம்பரத்தில் ஒரு ஃபைபர் முகப்பு

2009 ஆகஸ்ட், ஒரு சனிக்கிழமை. காலை ஏழே காலுக்குக் கடலூரில் சிதம்பரம் வண்டி ஏறினேன். நாற்பத்தைந்து கிலோமீட்டர், பதினாறு ரூபாய். பக்கத்தில் பரங்கிப்பேட்டை ஜவுளி வியாபாரி ஒருவர். கோயிலுக்கா என்று கேட்டார். இல்லை, ஒரு சுவரைப் பார்க்கப் போகிறேன் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தவர், பி.முட்லூரில் இறங்கும்வரை தன் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

நான் சொன்னது உண்மைதான். கடலூர் முதுநகரில் ஒரு பழைய பள்ளியில் நான் ஓவிய ஆசிரியர். அதன் கல் முகப்பை உப்புக்காற்று அரித்துவிட்டது. போன மழையில் வாசலுக்கு மேலிருந்து தேங்காய் அளவுக்கு ஒரு துண்டு விழுந்தது. விடுமுறை நாளாக இருந்ததால் தப்பித்தோம். அன்று பூட்டிய முன்வாசலை இன்னும் திறக்கவில்லை. சிதைந்த கல்லை எடுத்துவிட்டு, அதே அச்சில் ஃபைபர் பிளாஸ்டிக் வார்த்துப் பொருத்தலாம், சிதம்பரத்தில் ஒரு சத்திரத்தில் செய்திருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். போய்ப் பார்த்து எழுதிக் கொடுங்கள், அதன்படி செய்வோம் என்றது நிர்வாகம். வேண்டாம் என்று எழுதுவதாகக் கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன். கல் இருந்த இடத்தில் பிளாஸ்டிக்கா என்று எனக்கு எரிச்சல்.

எட்டே முக்காலுக்குச் சத்திர வாசலில் நின்றேன். எதிர்ச்சாரியிலிருந்து பார்த்தபோது என் கண்ணே ஏமாந்துபோனது. பூவேலை, யாளி, உளி பட்ட தடம்கூட அப்படியே இருந்தது. கிட்டே போய் விரலை மடக்கித் தட்டினேன். காலி டப்பாவின் சத்தம் வந்தது. எனக்கு அற்ப சந்தோஷம்.

ஜன்னலுக்குக் கீழே ஓடும் விளிம்பு மட்டும் அசல் கருங்கல். காவலாளியிடம் காரணம் கேட்டேன். முதலில் அதையும் ஃபைபரில்தான் போட்டார்களாம். கார்த்திகை வந்ததும் வழக்கம்போல அதன்மேல் நாற்பது அகல் வரிசையாக ஏற்றி வைத்துவிட்டார்கள். பார்க்கக் கல் மாதிரி இருந்ததால் ஒருவருக்கும் உறைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் விளிம்பு கொப்பளித்துக் கருகி, தெருவெல்லாம் நாற்றம். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அணைத்தார்களாம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கோ அறிக்கைக்கு வேறென்ன வேண்டும் என்று தோன்றியது.

முகப்புக்கு நேர் கீழே ஒரு பெண் முல்லை கட்டி விற்றுக்கொண்டிருந்தார். முழம் பத்து ரூபாய். வாங்கிக்கொண்டே, இந்தப் போலிக் கல்லின் கீழ் உட்கார்ந்திருக்கிறீர்களே என்று கிண்டலாகக் கேட்டுவிட்டேன். அவர் நிமிரவில்லை.

"பழைய கல்லு பேந்து எங்க வூட்டுக்காரு தோள்ல வுழுந்துச்சு சார். இன்னும் அந்தக் கைய மேல தூக்க முடியல அவரால. நெறைய பேரு வந்து தட்டிப் பாத்துட்டுப் போறாங்க. கீழ உக்காந்திருக்கறது நானு. இப்பதான் அண்ணாந்து பாக்காம பூ கட்டுறேன்."

எனக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. நான் எங்கிருந்து, எதற்காக வந்திருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"அங்க கீழ யாரு நிப்பாங்க?"

"பசங்கம்மா."

 அவர் பூவைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தார்.

பத்தரைக்குத் திரும்பும் வண்டி. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்து எழுதினேன்: விளக்கு வைக்கிற இடத்தில் கல், தலைக்கு மேலே ஃபைபர், பொருத்தியதும் முன்வாசலைத் திறந்துவிடலாம். வண்டி வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.